'சேமி' பொத்தானை அழுத்தும் முன் புத்தகத்தைக் கையில் எடுங்கள்

ஒரு மாணவி மூன்று முறை வந்து ஒரே பாடநூலைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். நான்காம் பதிப்புதான் வேண்டும், புதிதாகச் சேர்த்த அத்தியாயம் அதில்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். நூலகக் கணினியில் தேடினால் இரண்டாம் பதிப்பு மட்டும்தான் வந்தது, அதனால் மேசையில் இருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் "எங்களிடம் இல்லையம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். நான்காவது முறை அவர் வந்தபோது நான் இருந்தேன். எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று அலமாரிக்குப் போனேன். இரண்டாம் பதிப்பு என்று பதிவாகியிருந்த மூன்று பிரதிகளும் நான்காம் பதிப்பு. வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது, ஒருவர்கூட எடுத்துப் போகவில்லை. பட்டியலாக்கம் (நூல் விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை) செய்தவர் தலைப்பைத் தட்டி வேறு நூலகங்களின் பட்டியல்களில் தேடி, வந்த முதல் பதிவை அப்படியே சேமித்திருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

நூலகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் பட்டியலில் தவறாக இருக்கும் புத்தகம் தொலைந்துபோன புத்தகத்தைவிட மோசம். தொலைந்தது தெரிந்தால் வேறொன்று வாங்குவோம். இதுவோ அலமாரியிலேயே இருக்கும், யார் கண்ணிலும் படாது. இத்தனை வருடத்தில் நான் திருத்திய பிழைகளில் எழுத்துப்பிழை கொஞ்சம்தான். பெரும்பாலானவை தேடிக் கிடைத்த பதிவைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் சேமித்ததால் வந்தவை.

பிறர் செய்த பதிவை எடுத்துக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. 1960களில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் ஹென்ரியட் அவ்ரம் தலைமையில், நூல் விவரங்களைக் கணினி படிக்கும்படி எழுதும் மார்க் வடிவம் உருவானதே, ஒரு நூலகம் செய்த பதிவை இன்னொரு நூலகத்தின் கணினியும் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான். இன்று நாம் பயன்படுத்தும் மார்க் 21 என்பது அமெரிக்க, கனடிய வடிவங்கள் 1999இல் ஒன்றானபோது வந்த பெயர். இசட்39.50 என்ற நெறிமுறை 1988இல் தரமாக ஏற்கப்பட்டது; உங்கள் மென்பொருளில் இருந்தபடியே வேறொரு நூலகத்தின் சர்வரில் தேடி, பதிவை இழுத்துக்கொள்ள உதவுவது அதுதான். கோஹா என்ற நூலக மென்பொருளோ வேறு எந்த மென்பொருளோ, திரை மாறும், அடிப்படை வேலை ஒன்றுதான்: தேடு, தேர்ந்தெடு, ஒப்பிடு, சேமி. நாம் முதலாவதையும் கடைசியையும் மட்டும் செய்துவிட்டு நடுவில் உள்ள இரண்டையும் தாண்டிவிடுகிறோம்.

வெளியே தேடும் முன் உங்கள் சொந்தப் பட்டியலில் தேடுங்கள். இதைச் சொல்ல வேண்டியதே இல்லை என்று நினைத்திருந்தேன், ஆனால் புதிதாக வேலைக்கு வருபவர்கள் பலர் நேராக வெளி சர்வருக்குத்தான் போகிறார்கள். ஏற்கெனவே பதிவு இருந்தால் புதுப் பிரதியை அதே பதிவின் கீழ் பார்கோடோடு சேர்த்தால் போதும். ஐந்து பிரதிக்கு ஐந்து பதிவு போட்டு வைத்திருக்கும் நூலகங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே வாசகர் ஒரு பதிவைப் பிடித்து முன்பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார், மற்ற நான்கு பிரதிகளும் அலமாரியில் சும்மா இருக்கும். அவருடைய முன்பதிவு அந்த ஒரு பதிவோடு கட்டப்பட்டது, மற்ற நான்கையும் மென்பொருள் வேறு வேறு நூல்கள் என்றே நினைக்கிறது.

சரி, நம்மிடம் இல்லை, வெளியே தேடுகிறோம். முதலில் ஐஎஸ்பிஎன், புத்தகத்தில் அச்சாகியிருக்கும் அடையாள எண். 2007 ஜனவரி முதல் அது 13 இலக்கம், அதற்கு முன் 10. பழைய பதிவுகளில் 10 இலக்க எண் மட்டும் இருக்கும், நீங்கள் 13 இலக்கத்தைக் கொடுத்தால் சில சர்வர்கள் எதுவும் இல்லை என்று சொல்லிவிடும். முன்னால் உள்ள 978ஐ நீக்கினால் 10 இலக்க எண் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது, ஏனென்றால் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், இரண்டு முறையிலும் அதைக் கணக்கிடும் விதம் வேறு. 9780306406157 என்ற எண்ணின் 10 இலக்க வடிவம் 0306406152. கடைசியில் 7 இருந்த இடத்தில் 2 வந்திருப்பதைக் கவனியுங்கள். 979இல் தொடங்கும் எண்களுக்கு 10 இலக்க வடிவமே கிடையாது. கோஹாவில் இரண்டு வடிவத்தையும் சேர்த்துத் தேடும் ஓர் அமைப்பு உண்டு, ஆனால் அது உங்கள் சொந்தப் பட்டியலுக்குத்தான்; எதிர்முனையில் இருக்கும் சர்வர் எப்படி நடந்துகொள்ளும் என்பது அதன் கையில். அதனால் இரண்டையும் போட்டுப் பாருங்கள், இடைக்கோடு இல்லாமல்.

அப்புறம் ஒன்று: பூஜ்யம் முடிவு வருவதும், சர்வர் பதிலே சொல்லாமல் இருப்பதும் வேறு வேறு. நான்கு சர்வரைத் தேர்ந்தெடுத்துத் தேடினால் இரண்டுக்கு இணைப்பே கிடைக்காமல் போகலாம். திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு எச்சரிக்கை வரும், யாரும் படிப்பதில்லை. "எங்கேயும் இல்லை" என்று முடிவு செய்து அரை மணி நேரம் உட்கார்ந்து புதிதாகத் தட்டச்சு செய்வார்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி தேடியிருந்தால் நல்ல பதிவே கிடைத்திருக்கும்.

தமிழ் நூல்களுக்கு ஒரு தனிக் குறிப்பு, இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. மார்க் பதிவுகளுக்கென்று பழைய காலத்தில் இருந்த எழுத்துக் குறியீட்டில் தமிழ் எழுத்துகளே கிடையாது. அதனால் வெளிநாட்டுப் பெரிய நூலகங்கள் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் பெயர்த்துத்தான் ஏற்றின. அவர்களுடைய முறையில் 'ழ' என்பது அடியில் கோடு போட்ட 'எல்'. நாம் பழக்கத்தில் 'இசட் எச்' போட்டுத் தேடினால் ஒன்றும் வராது, வெறும் 'எல்' போட்டுத் தேடினால் பெரும்பாலும் வந்துவிடும், ஏனென்றால் தேடும்போது அடிக்கோடுகளைப் பல சர்வர்கள் கணக்கில் எடுப்பதில்லை. மார்க் பதிவில் ஒவ்வொரு விவரத்துக்கும் எண்ணிட்ட ஓர் இடம் உண்டு, அதைப் புலம் என்போம். பதிவு கிடைத்தபின் தமிழ் எழுத்து வடிவத்தை 880 புலத்தில் சேர்த்து, ரோமன் வடிவம் இருக்கும் மூலப் புலத்தோடு இணையுங்கள். உங்கள் வாசகர் தமிழில்தான் தட்டித் தேடப் போகிறார், ரோமன் வடிவத்தை மட்டும் வைத்துச் சேமித்தால் அவருக்கு அந்தப் புத்தகம் இல்லை என்றுதான் அர்த்தம்.

இப்போது முக்கியமான இடம். பதினைந்து பதிவுகள் வந்து நிற்கின்றன, எதை எடுப்பது? புத்தகத்தை மேசையில் திறந்து வையுங்கள், தலைப்புப் பக்கமும் அதன் பின்பக்கமும் தெரியும்படி. 245 புலத்தில் தலைப்பு, துணைத்தலைப்பு, ஆசிரியர் போன்ற பொறுப்புடையவர் பெயர். 250இல் பதிப்பு. 264இல் (பழைய பதிவில் 260) பதிப்பகமும் ஆண்டும். 300இல் பக்கங்களும் உயரமும். இந்த நான்கையும் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. மாணவிக்கு நடந்தது 250ஐ யாரும் பார்க்காததால் நடந்தது.

பதிப்பு விஷயத்தில் தமிழ்ப் புத்தகங்களுக்கு இன்னொரு சிக்கல். நம் பதிப்பகங்கள் பலவும் மறு அச்சையே "மூன்றாம் பதிப்பு" என்று போடுகின்றன. உள்ளே ஒரு வரிகூட மாறியிருக்காது. புத்தகத்தில் பதிப்பு என்று அச்சாகியிருந்தால் அப்படியே எழுதுவதுதான் விதி, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் பக்க எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள், முன்னுரையில் திருத்தம் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள், வாசகர் கேட்கும்போது பதில் சொல்ல உதவும். ஐஎஸ்பிஎன் ஒத்துப்போனால் போதும் என்று நம்பிவிடவும் கூடாது. பல தொகுதி கொண்ட நூலில் முழுத் தொகுப்புக்கு ஓர் எண், ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் எண் என்று இருக்கும், ஒரே பதிவில் எல்லா எண்ணும் உட்கார்ந்திருக்கும். சில பதிப்பகங்கள் பழைய எண்ணையே புதுப் பதிப்புக்கும் போட்டுவிடுகின்றன.

ஒரே நூலுக்கு இரண்டு மூன்று பதிவு வந்தால் தரத்தைப் பாருங்கள். பதிவின் தொடக்கத்தில் தலைப்பகுதி (லீடர்) என்ற குறியீட்டு வரி இருக்கும், அது 24 எழுத்து நீளம், அதில் 17ஆம் இடம் பதிவு எவ்வளவு முழுமையானது என்று சொல்லும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும், அதை மறக்க வேண்டாம். அந்த இடம் காலியாக இருந்தால் முழுமையான பதிவு, 7 என்றால் குறைந்தபட்சம், 8 என்றால் புத்தகம் அச்சாவதற்கு முன்பே பதிப்பகம் கொடுத்த தகவலை வைத்துச் செய்தது. 8 இருக்கும் பதிவில் 300 புலத்தைப் பாருங்கள், பக்க எண்ணிக்கையே இருக்காது. தலைப்பும்கூடக் கடைசி நேரத்தில் மாறியிருக்கலாம். எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் புத்தகத்தைப் பார்த்து நிரப்பாமல் சேமிக்காதீர்கள். 040 புலம் யார் செய்தது, யார் யார் திருத்தினார்கள் என்று காட்டும், கொஞ்ச நாள் பழகினால் எந்த நூலகத்தின் பதிவை நம்பலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எடுத்த பதிவில் பிறர் வீட்டுச் சாமானும் கூடவே வரும். அவர்களுடைய அலமாரி இடம், அவர்களுடைய உள்குறிப்புகள், 9இல் தொடங்கும் புலங்கள், இவற்றை நீக்குங்கள். 856இல் இருக்கும் இணைப்பைக் கட்டாயம் சொடுக்கிப் பாருங்கள். ஒரு கல்லூரியின் பட்டியலில் மின்னூலைத் திறந்தால் வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தின் கடவுச்சொல் கேட்கும் பக்கம் வந்து நின்றது, வாசகர்கள் தங்கள் கடவுச்சொல்லை அதில் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பதிவு வந்த இடத்தின் கட்டுப்பாட்டு எண்ணை, அதாவது அந்த நூலகம் பதிவுக்குக் கொடுத்த அடையாள எண்ணை, மட்டும் தூக்கி எறியாதீர்கள். உங்கள் மென்பொருள் 001இல் தன் சொந்த எண்ணைப் போடுவதாக இருந்தால் பழையதை 035க்கு நகர்த்தி வையுங்கள், பின்னாளில் அதே பதிவின் திருத்தப்பட்ட வடிவத்தைத் தேடி எடுக்க அது ஒன்றுதான் உறுதியான பிடி.

சேமிக்கும்போது "இதே போன்ற பதிவு ஏற்கெனவே இருக்கிறது" என்று எச்சரிக்கை வந்தால் நின்று படியுங்கள். கை பழக்கத்தில் 'புதிய பதிவாகச் சேமி' என்று அழுத்துவதால்தான் இரட்டைப் பதிவுகள் பெருகுகின்றன. இன்னொரு வழியிலும் பெருகும்: சேமித்தவுடன் தேடினால் சில அமைப்புகளில் உடனே வராது, தேடல் அட்டவணை புதுப்பிக்கப்படச் சில நிமிடம் ஆகும். "சேமிக்கவே இல்லை போலிருக்கிறது" என்று மறுபடி முதலிலிருந்து செய்வார்கள். அட்டவணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை, பதிவு எண்ணைக் குறித்து வைத்து நேராக அந்த எண்ணைத் திறந்து பாருங்கள், சேமித்திருந்தால் அங்கே இருக்கும். தமிழ் எழுத்துகள் கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ தெரிந்தால் தலைப்பகுதியின் 09ஆம் இடத்தைப் பாருங்கள், யூனிகோடு (தமிழ் உட்படப் பல மொழி எழுத்துகளையும் கொண்ட குறியீடு) என்றால் அங்கே ஆங்கிலச் சிறிய எழுத்து 'ஏ' இருக்க வேண்டும். கோப்பு யூனிகோடாக இருந்து அந்த இடம் காலியாக இருந்தால் மென்பொருள் பழைய குறியீடு என்று எண்ணிப் படித்து எழுத்தைச் சிதைத்துவிடும். சிதைந்த நிலையில் சேமித்துவிட்டால் திரும்பப் பெறுவது கடினம், மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மொத்தமாக ஏற்றும்போது நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு நூலகத்தில் சில நூறு பதிவுகளை மேம்பட்ட பதிவுகளால் மாற்ற முடிவு செய்தோம். ஐஎஸ்பிஎன் பொருந்தினால் பழையதை நீக்கிப் புதியதை வை என்று விதி போட்டோம். ஒழுங்காக ஓடியது, பிழை ஏதும் காட்டவில்லை. இரண்டு வாரம் கழித்து, தன் அப்பாவின் சேகரிப்பை எங்களுக்குக் கொடுத்த ஒரு பெண்மணி வந்து, அந்தப் புத்தகங்களின் பட்டியல் வேண்டும் என்று கேட்டார். நன்கொடையாளர் பெயரை 590 புலத்தில் எழுதி வைத்திருந்தோம். ஒன்றுகூட இல்லை. புதிய பதிவு பழையதை மேலே மூடியபோது எங்கள் குறிப்புகளும் சேர்ந்து போய்விட்டன. மூன்று மாதத்துக்கு முன் எடுத்த ஏற்றுமதிக் கோப்பு இருந்ததால் பெரும்பகுதியை மீட்டோம், மீதியை வரவுப் பதிவேட்டைப் புரட்டி ஒவ்வொன்றாகத் தட்டினோம். அந்தப் பெண்மணியிடம் இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று சொன்னது இன்னும் மனதில் உறுத்துகிறது.

அன்றிலிருந்து பத்துப் பதிவை மட்டும் முதலில் ஏற்றி, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்த பிறகுதான் மீதி. ஏற்றுவதற்கு முன் மாறப்போகும் பதிவுகள் முழுவதும் ஒரு கோப்பாக வெளியே எடுக்கப்படும். கோஹா போன்றவற்றில் ஏற்றியதைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறது, ஆனால் அதற்குள் யாராவது அந்தப் பதிவுகளைத் திருத்தியிருந்தால் அந்தத் திருத்தமும் போய்விடும், ஆகவே அன்றைக்கே பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட இரட்டைப் பதிவுகளை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: ஒன்றை அழிக்காதீர்கள், இரண்டையும் ஒன்றாக்குங்கள். எது நிற்க வேண்டும் என்பதைப் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்து, மற்றதில் மட்டும் இருக்கும் நல்ல புலங்களை அதற்கு நகர்த்தி, பிரதிகளும் முன்பதிவுகளும் கூடவே வந்துவிட்டனவா என்று சரிபாருங்கள். அந்தப் பாடநூலுக்கு நாங்கள் செய்தது வேறு, அங்கே நான்காம் பதிப்புக்குப் புதிய பதிவு போட்டு மூன்று பிரதிகளையும் அதற்கு மாற்றினோம். மாணவி அன்றைக்கே ஒன்றை எடுத்துப் போனார், மற்ற இரண்டும் அந்த வாரம் முடிவதற்குள் வெளியே போய்விட்டன.