குட்டையைக் குழப்பி மீன் பிடிக்கும் நாரை

எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பறவை பார்க்கப் போனால் தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள். கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் கடல் பக்கம் இறங்கி, சேற்றுத் திட்டுகள் வெளியே தெரிந்ததும்தான் கூட்டம் சேரும். ஜனவரியில் ஒரு காலை நேரம் என் மகளோடு அங்கே நின்றிருந்தேன். முழங்கால் ஆழத் தண்ணீரில் நான்கைந்து மஞ்சள் மூக்கு நாரைகள்.

"தண்ணி இவ்ளோ கலங்கலா இருக்கேப்பா, அதுக்கு மீன் எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

தெரியாது, தெரியவும் வேண்டாம். பக்கத்தில் நின்ற வெள்ளைக்கொக்கு கண்ணால் பார்த்துக் குத்துகிற பறவை. இந்த நாரையோ அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டபடி மெதுவாக நடக்கிறது, ஒரு காலால் சேற்றைக் கிளறுகிறது, பயந்து ஓடும் மீன் அலகுக்கு நடுவில் மோதினால் பட்டென்று மூடிக்கொள்கிறது. இதன் நெருங்கிய உறவான அமெரிக்க மர நாரையின் கண்ணை மறைத்து 1960களில் சோதித்துப் பார்த்தார்கள். அப்போதும் அது மீன் பிடித்தது. மீன் பட்டதிலிருந்து அலகு மூட ஆன நேரம் சுமார் 0.025 வினாடி. நாம் ஒருமுறை கண் சிமிட்ட 0.1 வினாடியாவது ஆகும்!

பழவேற்காடு பக்கம் இருளர்கள் பறி என்னும் மீன் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். அதே வித்தைதான், விரலுக்குப் பதில் அலகு.

கரையோரம் ஓடித் திரிகிற உள்ளான்களின் வித்தை இன்னும் நுட்பமானது. அவற்றின் அலகு நுனியில் சின்னச் சின்னக் குழிகள், அவற்றுக்குள் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள். நாட் என்னும் உள்ளான் வகை, ஈர மணலில் அலகைத் திரும்பத் திரும்பக் குத்தும்போது மணல் துகள்களுக்கு இடையில் உள்ள தண்ணீர் நகர்கிறது. உள்ளே சிப்பி புதைந்திருந்தால் அது தண்ணீரை மறிக்கும், அழுத்தம் மாறும். அதனால் சிப்பியைத் தொடாமலே அது இருப்பதைக் கண்டுபிடிக்கிறது. இதை 1998இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் நாரையால் மீனைத் துரத்த முடியாது, மீன்தான் வந்து மோத வேண்டும். தண்ணீர் வற்றிக் குட்டை சுருங்கும்போதுதான் அந்த அளவுக்கு மீன் நெருங்கும். அதனால்தான் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிவதைப் பார்த்தால், இந்தக் குட்டைகள் தூர்ந்துவிடுமோ என்று வயிறு கலங்குகிறது. அன்று பதினோரு மணி வாக்கில் கடல் தண்ணீர் திரும்ப ஏறியது. குட்டைகள் ஒன்றாகக் கலந்ததும் நாரைகள் அலகைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளம்பின.