ஏழு மாதத்தில் 720 ஸ்கோர்: டிராவல் கார்டு மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

அமெரிக்காவில் புதிதாகக் குடியேறியவர்களும் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களும் அடிக்கடி முட்டிக்கொள்ளும் ஒரு புதிர் இது. முதல் கிரெடிட் கார்டை வாங்கி ஏழு மாதம் ஒரு பில்லும் தவறாமல் கட்டியாயிற்று. செயலியைத் திறந்தால், கடனை ஒழுங்காகக் கட்டுவாரா என்று ஒருவரை எடைபோடும் கிரெடிட் ஸ்கோர் 720, பக்கத்திலேயே ‘நன்று’ என்ற பாராட்டு. சரி, இனி விமான மைல்கள் தரும் டிராவல் கார்டுக்குப் போகலாம் என்று விண்ணப்பித்தால் நிராகரிப்புக் கடிதம் வருகிறது. அதே 720 வைத்திருக்கும் இன்னொருவருக்கு ஐந்து நிமிடத்தில் ஒப்புதல் கிடைத்துவிடுகிறது.

வங்கி பாரபட்சம் காட்டுகிறது என்று தோன்றும். உண்மையில் இதன் பின்னால் இருப்பது நிகழ்தகவுக் கணக்கு. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், என்ன செய்தால் கார்டு கிடைக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

ஸ்கோரின் பூர்வீகம் ஒரு பூ. 1936இல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், ஐரிஸ் பூக்களின் இதழ் நீளம், அகலம் போன்ற நான்கு அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பூ எந்த இனம் என்று பிரித்துச் சொல்லும் கணித முறையை வெளியிட்டார். ஐந்தே ஆண்டுகளில், 1941இல், டேவிட் டுராண்ட் என்ற பொருளாதார ஆய்வாளர் அதே கணிதத்தைக் கடன் வாங்கியவர்கள்மேல் போட்டுப் பார்த்தார். ஒழுங்காகத் திருப்பிக் கட்டியவர்கள் ஒரு இனம், கட்டாதவர்கள் இன்னொரு இனம். வேலையில் எத்தனை வருடம், வங்கிக் கணக்கு உண்டா என்பது போன்ற விவரங்கள்தான் இங்கே இதழின் அளவுகள். 1956இல் பொறியாளர் பில் ஃபேரும் கணிதவியலாளர் ஏர்ல் ஐசக்கும் கலிஃபோர்னியாவில் இதையே தொழிலாக்கினார்கள். அவர்கள் பெயரில் உருவான நிறுவனம்தான் ஃபைகோ. இன்று எல்லாரும் பேசும் பொது ஸ்கோர் 1989இல் வந்தது.

300 முதல் 850 வரை போகும் அந்த எண் சொல்வது ஒரே ஒரு விஷயம்: அடுத்த 24 மாதங்களுக்குள் இந்த ஆள் ஏதாவது ஒரு கடனில் 90 நாளுக்கு மேல் பாக்கி வைக்கும் வாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு. சம்பளம் அதில் இல்லை, சேமிப்பு இல்லை, படிப்பும் இல்லை. மாதம் பத்தாயிரம் டாலர் சம்பாதிப்பவருக்கும் ஸ்கோரே இல்லாமல் இருக்கலாம். டெபிட் கார்டைப் பத்து வருடம் தேய்த்தாலும் இந்தக் கணக்கில் ஒரு புள்ளி ஏறாது. சொந்தப் பணத்தைச் செலவழிப்பவர் கடனை எப்படிக் கட்டுவார் என்று அதிலிருந்து தெரியாதே!

எதற்கு எவ்வளவு எடை என்பதை ஃபைகோவே வெளியிட்டிருக்கிறது. பில்களைக் கட்டிய வரலாறு 35%, இப்போது நிற்கும் பாக்கி 30%, வரலாற்றின் நீளம் 15%, புதிதாக வாங்கிய கடன்கள் 10%, கடன்களின் வகை 10%. இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, நீளத்துக்கு வெறும் 15% தானே, மீதி 85% நம் கையில் இருக்கிறதே என்று பலர் தப்புக்கணக்கு போடுகிறார்கள். நீளம் குறைவாக இருந்தால் மற்ற எல்லாப் பகுதிகளின் நம்பகத்தன்மையும் சேர்ந்தே குறைகிறது. புதிரின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஒருவர் 6 மாத பில்களையும் தவறாமல் கட்டியிருக்கிறார், இன்னொருவர் 120 மாத பில்களை. இருவருக்குமே தவறு பூஜ்யம். இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். ஒருவர் உண்மையில் ஒவ்வொரு மாதமும் பில்லைத் தவறவிடும் வாய்ப்பு அதிகபட்சம் எத்தனை சதவீதம் உள்ளவராக இருந்தும், அதிர்ஷ்டவசமாக இதுவரை தவறாமல் தப்பித்திருக்க முடியும்? புள்ளியியலில் வழக்கமாக வைக்கும் 95% உறுதியோடு கணக்கிட்டால், 120 மாதக்காரருக்கு விடை சுமார் 2.5%. அதற்கு மேல் கவனக்குறைவானவராக இருந்திருந்தால் பத்து வருடத்தில் எங்காவது ஒரு கறை பட்டிருக்கும். 6 மாதக்காரருக்கோ விடை 39%! ஐந்து மாதத்துக்கு இரண்டு மாதம் தவறவிடக்கூடிய ஒருவரும், ஆறு மாதம் சுத்தமாகக் கடந்திருப்பது அப்படியொன்றும் நடக்காத காரியம் இல்லை. ஒரு மாதம் தவறாமல் கட்டும் வாய்ப்பான 0.61ஐ ஆறு முறை பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 0.05 வரும். இருபதில் ஒரு வாய்ப்பு.

நிஜ வங்கி இவ்வளவு முரட்டுத்தனமாகக் கணக்கு போடுவதில்லை. உங்களைப் பற்றித் தெரியாத இடத்தை, உங்களைப் போன்ற மற்ற புதியவர்கள் முன்பு எப்படி நடந்துகொண்டார்கள் என்ற அனுபவத்தால் நிரப்புகிறது. ஃபைகோவிலும் எல்லாரையும் ஒரே மதிப்பெண் அட்டையில் மதிப்பிடுவது கிடையாது. புதிய வரலாறு, நீண்ட வரலாறு, தவறு உள்ள வரலாறு என்று பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி அட்டை. ஆகவே புதியவரின் 720 என்பதில் பெரும்பகுதி அவருடைய கூட்டத்தின் சராசரியிலிருந்து வருவது. அவரே தன் கையால் சம்பாதித்தது கொஞ்சம்தான். வங்கிக்கு இது தெரியும். அதனால்தான் ஸ்கோரோடு நிற்காமல், மிகப் பழைய கணக்கின் வயது, மொத்தக் கணக்குகளின் எண்ணிக்கை, இதுவரை கிடைத்த அதிகபட்ச லிமிட் (கார்டில் செலவழிக்க விடும் உச்சத் தொகை) என்று அவருடைய கடன் வரலாறு அடங்கிய கோப்பையும் தனியாகப் புரட்டுகிறது. கணக்கு ஏதாவது ஒன்று ஆறு மாதமாவது ஆகியிருந்தால்தான் ஃபைகோ எண்ணே தரும். ஏழாவது மாதத்தில் விண்ணப்பிப்பவர், எண் பிறந்த மறுமாதமே அதை நீட்டுகிறார் என்று அர்த்தம்.

சரி, சாதாரண கார்டு தந்த வங்கி டிராவல் கார்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு யோசிக்கிறது? பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் புரியும். நீங்கள் கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் கடைக்காரர் கட்டும் கட்டணத்தில் பெரும்பகுதி உங்கள் வங்கிக்குப் போகிறது. அமெரிக்காவில் கிரெடிட் கார்டுகளுக்கு இது ஏறக்குறைய 2% அளவில் நிற்கிறது, உயர்ரகக் கார்டுகளுக்கு இன்னும் கூடுதல். மைல்களும் பாயின்ட்டுகளும் இந்தப் பணத்திலிருந்துதான். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இதே கட்டணத்துக்கு 0.3% என்று உச்சவரம்பு வைத்தது. அங்கே பயணப் பரிசுகள் சோனியாக இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

உயர்ரகம் என்பது வெறும் அலங்காரமில்லை. டிராவல் கார்டுகள் பலவும் விசா என்ற கார்டு நிறுவனத்தின் சிக்னேச்சர் போன்ற மேல்படிகளில் வருபவை. அமெரிக்காவில் சிக்னேச்சர் படிக்குக் குறைந்தபட்ச லிமிட் 5,000 டாலர், அதற்கும் மேலான இன்ஃபினிட் படிக்கு 10,000. உங்களிடம் இப்போது இருப்பது 500 டாலர் லிமிட் உள்ள கார்டு என்றால், வங்கி உங்களை ஒரே தாவலில் பத்து மடங்கு நம்ப வேண்டும். ஐந்நூறு டாலரைக் கட்டிக்காட்டியதை வைத்து ஐயாயிரத்தைக் கட்டுவீர்கள் என்று எந்தக் கணக்கும் உறுதி சொல்லாது.

அப்புறம் ஆரம்ப போனஸ். முதல் மூன்று மாதத்தில் சில ஆயிரம் டாலர் செலவழித்தால் பல்லாயிரம் மைல்கள் என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அதன் மதிப்பு பல நூறு டாலர். வங்கி அதை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, வருடாந்திரக் கட்டணம், கடைக் கட்டணம், வட்டி என்று வருடக்கணக்கில் மெதுவாக வசூலிக்கிறது. ஆகவே நீங்கள் கடனைக் கட்டுவீர்களா என்பதோடு, தங்குவீர்களா என்ற கேள்வியும் அதற்கு இருக்கிறது. போனஸை வாங்கிக்கொண்டு அடுத்த கார்டுக்குத் தாவுகிறவர்களை வடிகட்டத் தனி விதிகளே உண்டு. கடந்த 24 மாதங்களில் ஐந்து புதிய கார்டு வாங்கியவரை சேஸ் வங்கி பொதுவாகத் திருப்பி அனுப்பிவிடும் என்பது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஸ்கோரை ஏற்றுகிறேன் என்று கிடைத்த கார்டையெல்லாம் வாங்கிப் போடுவது இரண்டு பக்கமும் அடி: புதிய கணக்குகள் கூடுகின்றன, கணக்குகளின் சராசரி வயது இறங்குகிறது.

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது பாக்கி விகிதம்தான், அதாவது லிமிட்டில் எத்தனை சதவீதம் பாக்கி நிற்கிறது என்பது. உங்கள் லிமிட் 500 டாலர், அதில் 410 டாலருக்கு விமான டிக்கெட் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். கெடு தேதிக்கு முன்பே முழுப் பணத்தையும் கட்டிவிட்டீர்கள், வட்டி ஒரு சென்ட்கூட இல்லை. ஆனாலும் ஸ்கோர் இறங்குகிறது. ஏனென்றால் எல்லாருடைய கடன் கோப்புகளையும் வைத்திருக்கும் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் பெரும்பாலான வங்கிகள் அனுப்புவது, மாத பில்லான ஸ்டேட்மென்ட் போடும் நாளில் நிற்கும் தொகையை. கெடு தேதி வருவது அதற்கு மூன்று வாரத்துக்கு மேல் கழித்து. ஸ்டேட்மென்ட் அன்று 410 நின்றால், உங்கள் கோப்பில் 82% பாக்கி என்று பதிவாகிவிடும், மூச்சுமுட்டக் கடன் வாங்கியவர் போல. அந்த நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிட்டால் அதே செலவு 5% என்று பதிவாகும். பரவலாகப் புழங்கும் ஃபைகோ 8 பதிப்புக்கு இந்த விஷயத்தில் ஞாபகசக்தி கிடையாது. போன மாத 82% இந்த மாதக் கணக்கில் வராது. ஆகவே விண்ணப்பிக்கும் மாதத்தில் மட்டும் இதில் கவனமாக இருந்தாலே போதும்.

இதெல்லாம் எண்ணைச் சரிசெய்யும் வேலை. கோப்பைக் கனமாக்கக் காலம்தான் வேண்டும், ஆனால் காலத்தை வீணாக்காமல் இருக்கலாம். வரலாறே இல்லாதவருக்கு முதல் வழி, டெபாசிட் கட்டி வாங்கும் கார்டு. பணம் வங்கியிடமே இருப்பதால் அதற்குப் பயமில்லை, ஸ்கோர் கணக்கிலோ அது மற்ற கார்டுகளைப் போலவே பதிவாகும். குடும்பத்தில் யாராவது பத்து வருடமாக ஒழுங்காக வைத்திருக்கும் கார்டில் உங்களைக் கூடுதல் பயனராகச் சேர்த்தால், அந்த வயதும் உங்கள் கோப்பில் ஏறக்கூடும். ஸ்கோர் துள்ளும். ஆனால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது பல வங்கிகள் இந்த இரவல் வரலாற்றைக் கழித்துவிட்டே பார்க்கும். வேறு நாட்டில் ஏற்கெனவே கார்டு வைத்திருந்தவர்களுக்கு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: சில நாடுகளின் கடன் வரலாற்றை அமெரிக்க விண்ணப்பத்துக்கும் அது பரிசீலிக்கும், இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு.

என்னைக் கேட்டால், சிறந்த வழி சலிப்பூட்டும் வழிதான். எந்த வங்கியின் டிராவல் கார்டு வேண்டுமோ, அதே வங்கியில் வருடக் கட்டணம் இல்லாத சாதாரண கார்டை முதலில் வாங்கி ஒரு வருடம் ஓட்டுவது. பொது ஸ்கோருக்குத் தெரியாத விவரங்கள், அதாவது உங்கள் கணக்கில் சம்பளம் எப்போது வருகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்பதெல்லாம், கணக்கும் அங்கேயே இருந்தால் அந்த வங்கிக்குத் தெரியும். நேரடி விண்ணப்பத்துக்கு முன் ‘முன்தகுதி’ சோதனை இருந்தால் அதைச் செய்து பாருங்கள். அது ஸ்கோரைத் தொடாது. முறையான விண்ணப்பம் இரண்டு வருடம் கோப்பில் நிற்கும், ஃபைகோ அதை ஒரு வருடம் கணக்கில் எடுக்கும். சில வங்கிகள் பழைய கார்டையே டிராவல் கார்டாக மாற்றித் தரும். பெரும்பாலும் உங்கள் கடன் கோப்பைப் புதிதாக விசாரிப்பது இருக்காது, ஆனால் ஆரம்ப போனஸும் கிடைக்காது. எனவே அவசரப்பட்டு மாற்றிக்கொள்ள வேண்டாம்.

பாக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் இந்த விஷயத்தையே தள்ளிப்போடுவது நல்லது. வட்டி இப்போது சராசரியாக வருடத்துக்கு 20%க்கு மேல். ஆயிரம் டாலர் செலவில் கிடைக்கும் இருபது டாலர் மதிப்புள்ள மைல்களை, அந்தத் தொகைக்கு ஒரு மாதம் ஏறும் வட்டியே ஏறக்குறைய விழுங்கிவிடும்.

நிராகரிப்புக் கடிதம் வந்துவிட்டால் அதைக் கிழித்துப் போடாதீர்கள். 1974இல் வந்த சமவாய்ப்புக் கடன் சட்டப்படி, குறிப்பான காரணங்களை வங்கி சொல்லியே ஆக வேண்டும். ஸ்கோர் சார்ந்த காரணங்களைக் கணினி தேர்ந்தெடுப்பதும் எளிய கழித்தல் கணக்கில்தான். ஒவ்வொரு அம்சத்திலும் நீங்கள் பெற்ற புள்ளி எவ்வளவு, பெற்றிருக்கக்கூடியது எவ்வளவு என்று பார்த்து, அதிகம் இழந்த அம்சங்களை வரிசையாக அச்சிடும். ‘வரலாறு மிகக் குறுகியது’ என்று இருந்தால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ‘லிமிட்டோடு ஒப்பிட்டால் பாக்கி அதிகம்’ என்று இருந்தால் அடுத்த ஸ்டேட்மென்ட்டிலேயே சரிசெய்யலாம். கடன் தகவல் அறிக்கையை வைத்து நிராகரித்திருந்தால், 60 நாட்களுக்குள் கேட்டால் அந்த அறிக்கையின் பிரதி இலவசம். அதைப் பார்த்துவிட்டு வங்கியைத் தொலைபேசியில் அழைத்து மறுபரிசீலனை கேட்கலாம். அந்தப் பக்கம் பேசுபவர் மனிதர், கணினி பார்க்காத விவரத்தையும் அவரால் பார்க்க முடியும்.