சூப்பர்சார்ஜர், டர்போசார்ஜர்: மிகையூட்டியும் சுழலியூட்டியும்

இரண்டு பெயருக்கும் பொதுவான பாதி 'சார்ஜ்'. கைபேசிக்குச் சார்ஜ் போட்டுப் பழகிய காதில் அது மின்சாரமாகத்தான் விழும். அதனால் 'மின்னேற்றி' என்று தமிழாக்கியவர்களும் உண்டு. ஆனால் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் இந்தக் கருவியில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. லத்தீனில் 'கர்ருஸ்' என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதற்கான சொல் பிரெஞ்சு வழியாக வந்து 'சார்ஜ்' ஆயிற்று. துப்பாக்கியில் கெட்டிக்கும் மருந்துக்கும் அந்தப் பெயர். எஞ்சினின் சிலிண்டர் ஒவ்வொரு முறை உறிஞ்சும்போதும் உள்ளே நிறையும் காற்று, பெட்ரோல் கலவைக்கும் அதே பெயர். தானாக உறிஞ்சும் அளவுக்கு மேலே காற்றை அழுத்தித் திணிப்பதால் 'சூப்பர்'. ஆகவே 'மிகையூட்டி' என்பது பொருளோடு நிற்கும் தமிழ். (ஊட்டி என்றதும் மலை ஊர் நினைவுக்கு வந்தால் அதுவும் பொருத்தமே. அந்த உயரத்தில் எந்த எஞ்சினுக்கும் காற்றை ஊட்டத்தான் வேண்டியிருக்கும்.)

லத்தீனில் 'டுர்போ' பம்பரத்துக்கும் சூறைக்காற்றுக்கும் பெயர். டர்பைனைத் தமிழில் விசையாழி என்றும் சுழலி என்றும் சொல்கிறோம். வாயில் எளிதில் வருவது 'சுழலியூட்டி'.

வரலாற்றைப் பார்த்தால் இவை எதிரெதிர்ச் சொற்களே அல்ல. டர்போவின் பழைய முழுப்பெயர் 'டர்போசூப்பர்சார்ஜர்'. அதாவது, புகைபோக்கி வாயுவால் ஓடும் மிகையூட்டி. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி அதற்குக் காப்புரிமை பெற்றது 1905இல். எஞ்சின் சுழற்றும் வாரால் (பெல்ட்) ஓடும் வகையின் மூதாதை இன்னும் பழையது. அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் உலைக்குக் காற்று ஊத உதவிய இயந்திரத்துக்கு 1860இல் காப்புரிமை வாங்கினார்கள். தென்னாப்பிரிக்கத் தமிழரான நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறையை அடைந்த அதே ஆண்டு. எனவே "சூப்பர்சார்ஜரா, டர்போவா?" என்ற கேள்வியைத் தமிழில் சரியாகக் கேட்டால், "வார் ஓட்டும் மிகையூட்டியா, புகை ஓட்டும் மிகையூட்டியா?" என்றாகும். டாஸ், கொரோலா, சிட்டி கோல்ஃப் போன்ற பழைய சிறு கார் வைத்திருப்பவர் விடை தேட வேண்டியதும் இப்படிப் பிரித்துத்தான்.

தென்னாப்பிரிக்காவில் அந்த விடையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஊரின் உயரம். கடலோர டர்பனில் காற்றழுத்தம் சுமார் 1.01 பார். ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க்கில் சுமார் 0.83 பார். சாதாரண எஞ்சின் அங்கே ஏறும்போதே ஆறில் ஒரு பங்கு வலுவை இழந்துவிடுகிறது. வார் ஓட்டும் மிகையூட்டியின், சுருக்கமாக வாரூட்டியின், சுழற்சி எஞ்சினோடு கட்டுண்டது. அது தருவது ஒரு விகிதம்தான். டர்பனில் 0.5 பார் மிகையழுத்தம் தரும்படி புல்லி (வார் ஓடும் சக்கரம்) அமைத்தால் விகிதம் ஒன்றரை. ஜோகன்னஸ்பர்க்கில் அதே ஒன்றரை 0.83ஐப் பெருக்கி 1.24 பார்தான் தரும், வெளிக்காற்றுக்கு மேலுள்ளதை மட்டும் அளக்கும் கேஜ் 0.41 காட்டும். சுழலியூட்டி அப்படியல்ல. காற்று மெலிந்தால் வேகமாகச் சுழன்று, வேஸ்ட்கேட் (மிகுதிப் புகையைச் சுழலிக்கு வெளியே விடும் கதவு) ஸ்பிரிங் திறக்கும்வரை அழுத்தத்தை ஏற்றி, 0.5ஐ எட்டிவிடும். சிலிண்டருக்கு 1.33 பார் போகும். மேட்டு நிலத்தில் குடியிருப்பவருக்கு டர்போவைப் பரிந்துரைக்க இது ஒன்றே போதும்.

கவலை திரும்பும் வழியில்தான். 0.5 பார் கிடைக்க வேண்டும் என்று ஜோகன்னஸ்பர்க்கிலேயே சிறு புல்லி போட்டு, அங்கேயே டியூன் செய்த வாரூட்டிக் காரில், குடும்பத்தோடு என்3 சாலையில் டர்பனுக்கு இறங்குகிறார் ஒருவர். விகிதம் 1.6. கடல் மட்டத்தில் அது 1.62 பார் ஆகிறது. மேட்டில் இருந்ததைவிட இருபது விழுக்காட்டுக்கும் மேலான காற்று. டியூன் செய்தவர் அந்த அழுத்தத்தில் எஞ்சினை ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார். டாங்கியில் மேட்டில் நிரப்பிய 93 ஆக்டேன் பெட்ரோல், 95ஐவிடத் தட்டலைத் தாங்கும் திறன் குறைந்தது. பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது எஞ்சின் 'கிணுகிணு' என்று தட்டினால் பிஸ்டனில் வளையங்களைத் தாங்கும் விளிம்பு உடையும் நிலை நெருங்கிவிட்டது என்று பொருள். இரண்டு ஊருக்கும் போகும் காரைக் கடற்கரையில், 95 ஆக்டேனில் டியூன் செய்யுங்கள். அழுத்தம் அளவுகடந்தால் எரிபொருளை நிறுத்தும் எல்லையையும் இசியூவில் (எஞ்சினை ஆளும் கணினி) வையுங்கள்.

டர்பன்காரருக்கு எங்கள் தேர்வு சிறிய வாரூட்டி. காரணம் வேகமல்ல, உதிரிகளின் எண்ணிக்கை. 2002 முதல் 2006 வரையிலான மினி கூப்பர் எஸ் கார்களிலிருந்து கழற்றிய ஈட்டன் எம்45 ஒரு சுற்றுக்கு 0.74 லிட்டர் காற்றைத் தள்ளும். 1.6 லிட்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு உறிஞ்சுவது 0.8 லிட்டர். கிராங்க் ஒருமுறை சுற்றும்போது ஊட்டி 1.5 முறை சுற்றினால் 1.11 லிட்டர், விகிதம் ஏறக்குறைய 1.4, அதாவது 0.4 பார். கசிவு, சூடு எல்லாம் போகக் கொஞ்சம் முன்பின் இருக்கும். எஞ்சினிலிருந்து எண்ணெய்க் குழாய் தேவையில்லை. தன் எண்ணெயைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும். வாங்குமுன் பின்முனையைப் பாருங்கள். மினியில் வாட்டர் பம்ப்பை ஓட்டும் பற்சக்கரங்கள் அங்கேதான் உள்ளன. எண்ணெய் வற்றியே பல ஊட்டிகள் வீணாகின்றன. புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் வார் நழுவும், பிறகு அறும். மெல்ல ஓட்டும்போது காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வைப் பொருத்தாவிட்டால் பெட்ரோல் வீணாகும், காற்றும் சூடேறும்.

சுழலியூட்டிக்குப் புது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், வேஸ்ட்கேட், எண்ணெய் வரவு, எண்ணெய் வடிகால், தண்ணீர்க் குழாய்கள், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அத்தனையையும் சேர்க்கும் குழாய்கள் வேண்டும். இதில் அதிகம் கெடுவது வடிகால். எண்ணெய் தன் எடையால் மட்டுமே கீழே வடிய வேண்டும்: 16 மி.மீ.க்குக் குறையாத உள்விட்டம், எங்கும் மேலே ஏறாத சரிவு, சம்ப்பில் (எஞ்சினின் அடி எண்ணெய்த் தொட்டி) எண்ணெய் மட்டத்துக்கு மேலே வாய். இதைச் சுருக்கினால் எண்ணெய் தேங்கிச் சீல் வழியே புகைக்குழாய்க்குள் போகும். நீலப்புகை வந்ததும் புது டர்போ வாங்குகிறார்கள், அதுவும் புகைக்கிறது. நீண்ட ஏற்றம் ஏறி வந்தவுடன் சாவியைத் திருப்பி அணைத்தால் டர்போவின் தாங்கியில் (பேரிங்) நின்ற எண்ணெய் கருகிக் கரியாகும். ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

எதைப் போட்டாலும் சில வேலைகள் பொது. பெரிய இன்ஜெக்டர், அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரோடு கூடிய இசியூ, ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக், 0.7 மி.மீ. இடைவெளி. அழுத்தத்தின்போது ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11.5 முதல் 12 பங்கு காற்று. தீப்பொறியைத் தாமதிக்கத் தொடக்கக் கணக்கு: 0.07 பாருக்கு ஒரு டிகிரி, 0.4 பாருக்குச் சுமார் ஆறு. டொயோட்டாவே 4ஏ எஞ்சினில் வாரூட்டி பொருத்தியபோது அமுக்க விகிதத்தை 8க்கு இறக்கியது. சாதாரண 4ஏ-எஃப்இயில் அது 9.5. எஞ்சினைத் திறந்து அந்த விகிதத்தை இறக்காமல் வேலை செய்பவர் 0.4 பாரோடு நின்றுகொள்வது நல்லது. காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாத மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்கலாம்.

உதிரி வாங்குமுன் கம்ப்ரஷன் சோதனை செய்யுங்கள். எஞ்சின் சூடாக, த்ராட்டில் முழுதும் திறந்து, நான்கு சிலிண்டருக்குள்ளும் வித்தியாசம் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். மிகையூட்டிக்கு ஒதுக்கிய பணம் முதலில் அங்கே போகட்டும்.