"இனிஷியல்தானே" என்று டிக்கெட் போடாதீர்கள்

குன்னூரில் 17 வருடமாக விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். இதைப் பல தடவை வாயால் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. போன வாரம் கடைக்கு வந்த ஒரு பாட்டியைப் பார்த்த பிறகு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருப்பவர், எழுபதை நெருங்குகிறார். இலங்கையில் ஹட்டனில் பிறந்தவர். கல்யாணமான புதிதில் கணவர் வீட்டாரோடு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தவர். தங்கை அங்கேயே தங்கிவிட்டார். இத்தனை வருடம் கழித்துத் தங்கையைப் பார்க்கப் போகலாம் என்று, திருச்சியிலிருந்து கொழும்புக்குப் பேரன் செல்போனிலேயே மலிவாக ஒரு டிக்கெட் போட்டிருக்கிறான். இரவோடு இரவாகக் கார் பிடித்துத் திருச்சிக்குப் போயிருக்கிறார்கள். கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் வரியில் கணவர் பெயர் முழுதாக இருக்கிறது, டிக்கெட்டில் அந்த இடத்தில் ஒற்றை எழுத்து. ஆப்காரர்களுக்குப் போன் செய்தால் விமான நிறுவனத்தைக் கேளுங்கள் என்கிறார்கள், கவுண்டரில் கேட்டால் எங்கே வாங்கினீர்களோ அங்கே கேளுங்கள் என்கிறார்கள். புது டிக்கெட் எடுக்கலாம் என்றால் அந்த நேரத்து விலை பழையதைப் போல மூன்று மடங்கு. கையில் அவ்வளவு பணம் இல்லை, திரும்பி வந்துவிட்டார்கள். அன்றைக்குக் கொழும்பு விமான நிலைய வாசலில் தங்கை சாயங்காலம் வரை நின்றிருக்கிறார்.

இந்த வருடத்தில் மட்டும் நான் பார்க்கும் ஐந்தாவது ஆள் இவர்.

"இனிஷியல்தானே சார், அதுக்கா ஏத்த மாட்டேன்னு சொல்லுவாங்க?" என்று எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். ஆமாம், அதற்குத்தான். இனிஷியல் நம் ஊர் வழக்கம். கே. செல்வராஜ் என்றால் அந்த "கே" அப்பா பெயர் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும், டிக்கெட் போடும் இயந்திரத்துக்கும் கொழும்பிலோ ஷார்ஜாவிலோ குடியேற்றப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது. அவர்களுக்கு வேண்டியது இரண்டே விஷயம்: கிவன் நேம், சர்நேம். உங்கள் பாஸ்போர்ட்டின் போட்டோ உள்ள பக்கத்தில் இந்த இரண்டு வரிகளும் இருக்கின்றன. அங்கே என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான் வெளிநாட்டுப் பயணத்தில் உங்கள் பெயர். ஆதாரில் இருப்பது வேறு, ரேஷன் கார்டில் இருப்பது வேறு, ஹட்டியில், அதாவது உங்கள் ஊரில், உங்களைக் கூப்பிடும் பெயர் வேறு. அதெல்லாம் இங்கே செல்லாது.

கல்யாணமான பெண்கள் விஷயத்தில் இது இன்னும் குழப்பம். பாஸ்போர்ட் எடுத்தது கல்யாணத்துக்கு முன்னால், அதில் அப்பா பெயர். ஆதாரை அப்புறம் மாற்றியிருப்பார்கள், அதில் கணவர் பெயர். டிக்கெட் போடுகிற பையன் வாட்ஸ்அப்பில் வந்த ஆதாரைப் பார்த்துப் போடுவான். தம்பி, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் போடுப்பா. நாங்கள் போனில் பெயர் கேட்டு டைப் செய்வதே இல்லை, பாஸ்போர்ட் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வோம். "என்ன இந்த ஆள், பெயர் சொன்னால் போதாதா" என்று சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

சர்நேம் வரி காலியாக இருக்கிற பாஸ்போர்ட் நம் பக்கம் ஏராளம். அப்படி இருந்தால் உங்கள் இஷ்டத்துக்கு அப்பா பெயரைக் கொண்டுபோய் நிரப்பாதீர்கள். சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில வேறு மாதிரி சொல்லும். அந்த நிறுவனத்தைக் கேட்டுவிட்டு அப்படியே போடுங்கள். வளைகுடாவுக்கு விசிட் விசாவில் போகிறவர்களுக்கு ஒன்று. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அனுமதி இல்லை என்று அறிவித்தது. அப்புறம், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாகத் தளர்த்தினார்கள். அடிக்கடி வெளிநாடு போகிறவர் என்றால் சர்நேம் சேர்த்து பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள்வது எவ்வளவோ மேல். இலங்கைக்கு ஈ.டி.ஏ. என்கிற ஆன்லைன் பயண அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

டிக்கெட் கைக்கு வந்த அன்றைக்கே திறந்து பெயரைப் பாருங்கள். அன்றைக்கே சொன்னால் எழுத்துப் பிழையைத் திருத்துவது பெரும்பாலும் சுலபம். விமான நிலையத்தில் போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தால் நான் என்ன செய்ய முடியும்?

சரி, மலிவு விலைக்கு வருகிறேன். பிரவுசரில் ரகசிய ஜன்னலில் (இன்காக்னிடோ) தேடினால் குறையும், செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் குறையும் என்று நம்பித் தூக்கம் கெட வேண்டாம். தேதியை ஒரு நாள், இரண்டு நாள் முன்னே பின்னே தள்ளிப் பாருங்கள், அதில்தான் பணம் மிச்சமாகும். தீபாவளி, பொங்கலுக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே எடுங்கள். நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடினால் சில சமயம் நால்வருக்கும் அதிக விலையே காட்டும், அதனால் ஒருவருக்கு மட்டும் போட்டும் ஒருமுறை பாருங்கள். வேறு வேறு பி.என்.ஆரில், அதாவது தனித்தனி பதிவு எண்ணில், இரண்டு விமானத்தை நீங்களாக ஒட்டுப் போடாதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் காசு போனதுதான், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

பெங்களூரில் 2,000 ரூபாய் குறைவு என்று அங்கே எடுக்கிறார்கள். ஊட்டியிலிருந்து கார் வாடகையைக் கூட்டிப் பாருங்கள். அதைவிட முக்கியம், முதுமலை தாண்டிப் பந்திப்பூர் சாலையில் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை வண்டி விட மாட்டார்கள். காலை 7 மணி விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டு, நள்ளிரவில் கூடலூர் வழியாகக் கிளம்பி, சாலையை மூடிய செக்போஸ்ட் கேட்டில் நின்று எனக்குப் போன் செய்த குடும்பம் உண்டு. தேவனஹள்ளி விமான நிலையம் ஊருக்கு வடக்கே அந்தக் கோடியில் இருக்கிறது, மைசூர்ச் சாலையில் நுழைந்ததும் வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

கோவை விமானத்துக்கும் நம் ஆட்கள் பஸ் பிடிக்கிற கணக்கே போடுகிறார்கள். பத்து மணி விமானம், ஒன்பதே முக்காலுக்குப் போனால் போதும் என்று. உள்நாட்டு விமானத்துக்கே பொதுவாக 60 நிமிடத்துக்கு முன்னால் கவுண்டரை மூடிவிடுவார்கள், வெளிநாட்டுக்கு இன்னும் முன்னால். மலையில் இருக்கிறவர்கள் அதற்கு மேலும் நேரம் ஒதுக்க வேண்டும். மே மாத சீசனில் கீழே இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். ஐப்பசி மழையில் குன்னூர் மலைச்சாலையில் பர்லியாறு பக்கம் ஒரு மரம் சாய்ந்தால் போதும், வழி அடைபட்டுவிடும். பலாப்பழ நாளில் கோத்தகிரிச் சாலையில் குஞ்சப்பனையில் யானை ரோட்டில் நின்றால் அது நகரும்வரை நீங்களும் நிற்க வேண்டியதுதான், ஹாரன் அடிக்காதீர்கள். மழைக்காலத்தில் அதிகாலை விமானம் என்றால் முதல் நாளே இறங்கி மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ தங்கிவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். லாட்ஜுக்குக் கொடுக்கிற காசு, விட்டுப்போன டிக்கெட்டின் காசில் கால்வாசி கூட வராது.

பெட்டி விஷயத்தில், வளைகுடா போகிறவர்கள் கசகசாவைத் தொடவே தொடாதீர்கள். பிரியாணி மசாலாவோடு ஒரு பொட்டலம் என்று அம்மா வைத்துவிடுவார், அங்கே அது போதைப்பொருள், ஜெயிலுக்கே போக நேரிடும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பவர் பேங்க் எப்போதும் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் போடக் கூடாது.

பாட்டிக்கு நேற்று புது டிக்கெட் போட்டேன். பேரன் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, நான் டைப் செய்து திரும்ப வாசித்துக் காட்ட, பாட்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சிக்கு என்ன கொண்டுபோகலாம் என்று கேட்டார். பையில் இரண்டு கிலோ வர்க்கியும் (நம் ஊர் மொறுமொறு பிஸ்கட்), முழங்கால் வலிக்கு ஒரு பாட்டில் நீலகிரித் தைலமும் வைத்திருந்தார். தைலத்தை எடுத்துவிடச் சொன்னேன், தீப்பற்றக்கூடிய சரக்கு, விமானத்தில் ஏற்ற விட மாட்டார்கள். வர்க்கியை ஒரு டப்பாவில் போட்டு மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் பாட்டி, பெட்டியில் போட்டால் நொறுங்கிவிடும் என்றேன்.