மெஷின் டாலர் கேட்ட காலை

தடைக்காலத்தில் மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனிக்கு எடை பதியும் புரோகிராம் போட்டுக் கொடுத்தேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு போகாது, நிதானமாக வேலை பார்க்கலாம். தடை முடிந்து படகுகள் திரும்பிய முதல் காலை, கணவாய்க் கூடை தராசில் ஏறியதுமே கணக்குப்பிள்ளை போன் அடித்தார். “தம்பி, நாம ரூவாய்க்குத்தான எடுக்குறோம், மெஷினு டாலர் கேக்குதே?”

விலைப்பட்டியல் ஃபைலைக் காணோம் என்று திரை சொன்னது. அந்த ஃபைலின் பாதை டாலர் குறியோடு, நெளிவு அடைப்புக்குள் ‘டேட்டாரூட்டிர்’ என்று தொடங்கியது. மதியம்வரை நோட்டில் எழுதினார்கள்.

தப்பு என்னுடையது. கம்பைல் செய்யும்முன் கணினிக்கு ஏற்ப அமைப்பை முடிவு செய்யும் ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்டை உருவாக்கித் தருவது ஆட்டோகான்ஃப். அதில், டேட்டா ஃபைல்கள் போகும் இடத்தைக் குறிக்கும் டேட்டாடிர் மதிப்பை எடுத்து, புரோகிராமோடு சேரும் ஹெடர் ஃபைலில் எழுத வைத்திருந்தேன். கான்ஃபிகர் ஓடும் நேரத்தில் டேட்டாடிருக்குள் பாதை இருக்காது. டேட்டாரூட்டிரைப் பார் என்ற குறிப்புதான் இருக்கும். அது, நிறுவும் இடத்தின் தொடக்கப் பாதையான ப்ரிஃபிக்ஸைக் கைகாட்டும். சரி, குறிப்பை மதிப்பாக மாற்றும் ஈவால் கட்டளை போட்டு விரிப்போம் என்றால், ஒரு தடவைக்கு ப்ரிஃபிக்ஸில் நிற்கும், இரண்டாவது தடவைக்கு ‘நன்/ஷேர்’ என்று வரும். பயனர் ப்ரிஃபிக்ஸ் எதுவும் கொடுக்காவிட்டால், கான்ஃபிகர் முடியும் தறுவாயில்தான் ‘நன்’ (எதுவும் இல்லை) என்பது வழக்கமான இடமான யூஎஸ்ஆர் லோக்கலாக மாறும். நானும் அந்த ஈவால் விளையாட்டில் ஒரு மணி நேரம் தொலைத்தேன்.

விரிக்காமல் விட்டிருப்பது வேண்டுமென்றேதான். கான்ஃபிகர் முடிந்த பிறகும், புரோகிராமைக் கட்டி நிறுவும் மேக் கட்டளையில் ஒருவர் வேறு ப்ரிஃபிக்ஸ் கொடுக்கலாம். அதனால் பாதையை முடிவு செய்யும் வேலையை, அந்தக் கட்டளை படிக்கும் மேக்ஃபைலிடம் விட்டுவிடுங்கள். கம்பைலருக்குப் போகும், ஒரு பெயருக்கு மதிப்பு கொடுக்கும் ‘டி’ ஃபிளாகில் டேட்டாடிரைக் கொடுத்தால் முழுப் பாதையாக விரிந்து போகும். செட்டிங்ஸ் ஃபைல்களுக்கும் அப்படித்தான்: ஃபைலில் ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றைப் போடும் ‘செட்’ (sed) கட்டளை, மேக்ஃபைலுக்குள் ஒரு வரி.

டெஸ்ட்டிர் வேறு சமாச்சாரம். பேக்கேஜ் கட்டுகிறவர் ஃபைல்களைத் தற்காலிகமாக இறக்கிவைக்கும் இடம் அது. இன்ஸ்டால் கட்டளையில் பாதைக்கு முன்னால் ஒட்டவேண்டும், புரோகிராமுக்குள் நுழையவே கூடாது.

என் லேப்டாப்பில் இது ஏன் தெரியவில்லை? சோர்ஸ் ஃபோல்டருக்குள் நின்றே ஓட்டினேன். பக்கத்தில் கிடந்த விலைப்பட்டியலை அது எடுத்துக்கொண்டது. இப்போதெல்லாம் வேறு ப்ரிஃபிக்ஸில் நிறுவி, சோர்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறேன். அப்புறம் கம்பைலான பைனரி ஃபைல் மேல், உள்ளே இருக்கும் எழுத்துகளைக் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளை போட்டு, டாலர் குறியோடு ஏதாவது பாதை தட்டுப்படுகிறதா என்று பார்ப்பேன்.

கணக்குப்பிள்ளை இன்னமும் தராசுக்குப் பக்கத்தில் அந்த நோட்டை வைத்திருக்கிறார். எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.