வரைபடத்துக்கு நடுவே ஒரு சூரியன்

முதல் எபிசோடிலேயே இரண்டு கண்டங்கள், நாலைந்து ஊர்கள், பெயர் மனதில் நிற்பதற்குள் வந்து போகும் பிரபுக்கள். 2011 ஏப்ரலில் எச்பிஓ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற கற்பனை உலகத் தொடருக்கு இருந்த பெரிய தலைவலி, பார்ப்பவர்களுக்குத் திக்குத் தெரியாமல் போவதுதான். கதைக்கு நடுவே வரைபடத்தைக் காட்டலாம் என்று முதலில் யோசித்தார்கள். ஆனால் அது கதையின் வேகத்தைக் கெடுத்துவிடும். சரி, ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் பெயர்கள் ஓடும் டைட்டில் காட்சியாக வரைபடத்தையே வைத்துவிடலாம் என்று முடிவானது.

எலாஸ்டிக் என்ற நிறுவனத்தில் ஆங்கஸ் வால் தலைமையில் வேலை நடந்தது. ராபர்ட் ஃபெங் கலை இயக்குநர். வாலும் சாதாரண ஆள் இல்லை, படத்தொகுப்புக்கு ஆஸ்கர் வாங்கியவர்.

அனிமேஷன் டைட்டிலின் கலை இயக்குநர் என்றால் அழகாக வரைபவர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வரைவதும் உண்டு. ஆனால் அவர் முக்கியமாகச் செய்வது, அந்தக் கற்பனை உலகத்துக்குச் சட்டம் போடுவது. எதனால் செய்த உலகம் இது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எது அசையலாம், எப்படி அசையலாம் என்பதையெல்லாம் முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பத்துப் பேர் செய்யும் பத்து ஷாட்டும் பத்து விதமாக வந்து நிற்கும்.

இங்கே முதல் சிக்கல் வரைபடத்தின் ஓரம். தட்டையான வரைபடத்தின் மேல் கேமராவைப் பறக்கவிட்டால், அது கொஞ்சம் நிமிர்ந்தாலும் ஓரம் தெரிந்துவிடும். ஓரத்துக்கு அப்பால் எதைக் காட்டுவது? மேசையையா, வானத்தையா? எதைக் காட்டினாலும் புதுக் கேள்வி கிளம்பும். இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி கெட்டிக்காரத்தனமானது. வரைபடத்தை ஓர் உருண்டையின் உட்சுவரில் ஒட்டிவிட்டார்கள். தேங்காய்க்குள் சுற்றிலும் பருப்பு படிந்திருப்பது போல, உள்ளே எல்லாப் பக்கமும் நிலமும் கடலும். கேமரா எங்கே திரும்பினாலும் நிலம்தான் வளைந்து மேலேறும். தொடுவானம் என்ற பேச்சே இல்லை.

உருண்டை மூடியிருந்தால் உள்ளே வெளிச்சம் வேண்டுமே! நடுவில் ஒரு சூரியனை வைத்தார்கள். அதைச் சுற்றி, பழைய வானியல் கருவிகளில் இருப்பது போன்ற உலோக வளையங்கள். அந்த உலகத்தின் பழைய சண்டைகள் அவற்றில் புடைப்புச் சிற்பமாக ஓடும்.

இதில் வேடிக்கையான ஒரு வடிவியல் இருக்கிறது. உருண்டையின் மையத்தில் விளக்கு இருந்தால் உட்சுவரின் ஒவ்வொரு புள்ளியும் அதற்குச் சம தூரம்தான், ஒளியும் எங்கும் செங்குத்தாகவே விழும். அதாவது எல்லா ஊரிலும் எந்நேரமும் உச்சிவெயில். உச்சிவெயிலில் நிழல் நீளாது, நிழல் இல்லாமல் கோபுரத்தின் உயரம் கண்ணுக்கு எடுபடாது. இம்மாதிரி இடங்களில் ஷாட்டுக்கு ஷாட் விளக்கைச் சற்று நகர்த்திக்கொள்வது கணினி அனிமேஷனில் சகஜம். பார்ப்பவர் கண்ணை உறுத்தாதவரை அந்தப் பொய்யை யாரும் குறை சொல்வதில்லை.

அடுத்த சட்டம் பொறிகள் பற்றியது. ஊர்கள் மரமும் உலோகமுமாகப் பல்சக்கரங்களால் எழ வேண்டும், மந்திரம் போட்டது போல முளைக்கக் கூடாது. கதையின் வடக்குக் கோட்டையான வின்டர்ஃபெல் வரும்போது கவனியுங்கள்: சக்கரம் சுழல்கிறது, கோபுரங்கள் எழும்புகின்றன, சிவப்பு இலை மரம்கூட அதே பொறியின் ஓர் உறுப்பாகத்தான் விரிகிறது. கணினியில் இப்படி உறுப்போடு உறுப்பைப் பிணைப்பதற்கு ரிக்கிங் என்று பெயர். 40 பல் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் அதோடு கோத்த 20 பல் சக்கரம் எதிர்த்திசையில் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைக் கொடுத்துவிட்டால் ஒன்றை அசைத்தாலே மற்றது தானாக அசையும். கணக்குப் பிசகினால் பல்லுக்குள் பல் நுழைந்துவிடும். இன்னது தப்பு என்று சொல்லத் தெரியாதவருக்கும் அது பொம்மை வேலையாகத் தெரியும்.

அப்புறம் வழக்கமான படிகள்: மாதிரிச் சட்டகங்கள், இசையின் நீளத்துக்கு அடுக்கிய அனிமேட்டிக் என்ற கோட்டோவிய முன்னோட்டம், கடைசியில் கணினி ஒவ்வொரு படத்தையும் முழுசாகத் தீட்டித் தரும் ரெண்டர். நொடிக்கு 24 படம் என்றால் 100 நொடிக்கே 2,400 படங்கள் ஆகிவிடும். செல்லோவில் ஒலிக்கும் அந்த மெட்டை ரமின் ஜவாடி போட்டதே, முழுசாக முடியாத இந்த அனிமேஷனைப் பார்த்த பிறகுதான்.

முதல் ஆண்டே தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, ஒரே டைட்டிலை எபிசோடுக்கு எபிசோடு மாற்ற முடிந்தது. ஊர்களைத் தனித்தனித் துண்டுகளாகச் செய்திருந்ததால், கதை போகும் ஊரைச் செருகி, போகாததை எடுத்துவிடலாம். வின்டர்ஃபெல் பகைவர் கைக்குப் போனதும் அதன் மேலிருந்த, அதை ஆண்ட குடும்பத்தின் ஓநாய்ச் சின்னம் போய், பகைவரின் தோலுரித்த மனிதன் சின்னம் வந்தது. ஆறாம் சீசனின் கடைசி எபிசோடில் ஓநாய் திரும்பிவிட்டது. டைட்டிலை ஓட்டிவிடுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாமலே போயிருக்கும்.

2019இல் கடைசி சீசனுக்கு வரிசையையே தலைகீழாக்கினார்கள். வடக்கு எல்லையில் இடிந்து கிடக்கும் பெருஞ்சுவரில் தொடங்கித் தெற்கே வருகிறது கேமரா, கோட்டைகளுக்குள்ளும் நுழைகிறது. தரையில் பதித்த ஓடுகள் ஒவ்வொன்றாகப் புரண்டு நீலமாகின்றன. பிணங்களின் படை நடந்துவரும் வழி அது. அந்த நீலம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்தால், ஆபத்து இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒரு வசனமும் இல்லாமல் புரிந்துவிடும்.