கேஸ் என்ன ஆச்சு என்று யாராவது எழுதுங்களேன்

அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் வேலை பார்க்கிற யாருடைய போனைத் திறந்தாலும் ஐந்தாறு மெடிக்கல் குரூப்பாவது இருக்கும். பேட்ச் குரூப், டிபார்ட்மென்ட் குரூப், மாவட்ட குரூப், ஈசிஜி குரூப், பாம்புக்கடி குரூப், அப்புறம் யாரோ சேர்த்துவிட்டு நாமும் வெளியே வரக் கூச்சப்பட்டு அப்படியே இருந்துவிட்ட நாலைந்து. இதுபோக யூடியூப், டெலிகிராம், எக்ஸ். டியூட்டிக்கு நடுவே நாம் புதிதாகப் படிப்பதில் பெரும்பகுதி இப்போது இங்கேதான் நடக்கிறது. அதை நான் குறை சொல்லப்போவதில்லை, எனக்கே இதனால் நிறைய லாபம் உண்டு. ஆனால் ஒரு கேஸைப் போட்டு, இருபது பேர் கருத்துச் சொல்லி, கடைசியில் அந்த நோயாளி என்ன ஆனார் என்று யாருமே எழுதாமல் அடுத்த கேஸுக்குப் போய்விடுகிறோமே, அந்தப் பழக்கம் இருக்கும்வரை நாம் படிப்பதாக நினைத்துக்கொள்வதில் பாதி வெறும் பேச்சுதான். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது பாம்புக்கடி என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்ததே 2017-இல்தான். நாம் தலைமேல் வைத்துப் படித்த பெரிய மெடிசின் புத்தகங்கள் மேல்நாட்டில் எழுதப்பட்டவை, அவற்றில் கட்டுவிரியனுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆக, ஒரு தாலுகா மருத்துவமனையில் தனியாக நைட் டியூட்டி பார்க்கும் இளம் டாக்டருக்குப் பாம்புக்கடி வைத்தியம் தெரிந்திருக்கிறது என்றால், யாரோ ஒரு சீனியர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். பக்கத்தில் சீனியர் இல்லாத ஊரில் அந்த இடத்தை நிரப்புவது வாட்ஸ்அப் குரூப். இதனால் உயிர்கள் பிழைத்திருக்கின்றன என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அது எப்படி நடக்கிறது, எங்கே தவறுகிறது என்று ஒரு கேஸில் காட்டுகிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். விடியற்காலை, தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒரு பெண் வயிற்று வலி என்று எழுந்திருக்கிறார். வீட்டில் பாம்பு ஒன்றை அடித்துப் போட்டிருக்கிறார்கள். கடித்த இடம் தெரியவில்லை, வீக்கமும் இல்லை. டியூட்டி டாக்டர் பாம்பின் போட்டோவைக் குரூப்பில் போட்டு "என்ன பாம்பு?" என்று கேட்கிறார். கறுப்பு உடம்பு, வெள்ளை வளையங்கள். ஒரு நிமிஷத்துக்குள் மூன்று பதில். "கட்டுவிரியன்" என்கிறார் ஒருவர். "இல்லை, ஓநாய்ப் பாம்பு, விஷம் இல்லை, அப்சர்வேஷனில் வைத்தால் போதும்" என்கிறார் இன்னொருவர். அதற்கு நாலு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பாம்புகள். கட்டுவிரியனுக்கு வளையங்கள் தலைக்குச் சற்றுத் தள்ளித்தான் தொடங்கும், பெரும்பாலும் ஜோடி ஜோடியாக வரும், வால் பக்கம் தெளிவாக இருக்கும். ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்திலேயே தொடங்கி வால் பக்கம் மங்கிவிடும். அடித்து நசுக்கிய பாம்பை டார்ச் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவில் இதையெல்லாம் யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்?

அந்தக் குரூப்பில் ஒரு சீனியர் இருந்தார். அவர் எழுதியது இதுதான்: "பாம்பை விடுங்க. கண் இமை முழுசாத் திறக்குதா? ஒரே மூச்சில் எத்தனை வரைக்கும் எண்ணுறாங்க? தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இதே மூணையும் பார்த்து இங்கே எழுதுங்க." அந்த டாக்டர் எழுதினார். கொஞ்ச நேரத்தில் இமை இறங்கத் தொடங்கியது, எண்ணிக்கை குறைந்தது, அதாவது விஷம் தசைகளைச் செயலிழக்க வைக்கிறது. 10 குப்பி ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) ஏற்றினார்கள், மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, கையால் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

வழக்கமாக நம் குரூப்களில் கதை இங்கேயே நின்றுவிடும். "சூப்பர் சார்", "கிரேட் சேவ்", கைதட்டும் படம், அவ்வளவுதான். இங்கே அந்த சீனியர் விடவில்லை. அந்தப் பெண் சேர்ந்த வார்டின் டாக்டரைப் பிடித்துத் தினமும் கேட்டுக் குரூப்பில் எழுதவைத்தார். ஏ.எஸ்.வி. கொடுத்தும் செயலிழந்த தசைகள் உடனே சரியாகவில்லை, சில நாள் வென்டிலேட்டரிலேயே இருந்தார், பிறகு டியூப் எடுத்து நடந்தே வீட்டுக்குப் போனார். இந்த இரண்டு வரி தெரிந்தவுடன் குரூப்பில் இருந்தவர்களுக்குக் கிடைத்த பாடம் வேறு. கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே சேதப்படுத்துகிறது, சேதமானபின் மருந்தால் அதைத் திருப்ப முடியாது, அது வளர்ந்து வரும்வரை மூச்சைப் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். நல்ல பாம்பு கடித்தவருக்கு, தசைத் தளர்ச்சியைக் குறைக்கும் நியோஸ்டிக்மின் ஊசி வேலை செய்வதுபோல் இங்கேயும் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. இமை திறக்கவில்லையே என்று குப்பி மேல் குப்பியாக ஏற்றிக்கொண்டிருப்பதிலும் பயனில்லை, நரம்பைத் தாக்கும் விஷத்துக்கு மொத்தம் 20 குப்பிக்கு மேல் வேண்டாம் என்றுதான் இந்திய வழிகாட்டுதலும் சொல்கிறது. பாம்பின் பெயர் பற்றிய அந்த முதல் பத்து நிமிஷச் சண்டையில் இதில் ஒன்றுகூட வரவில்லை.

முடிவை எழுதாமல் விடுவதால் இன்னொரு கெடுதல் உண்டு. நன்றாக முடிந்தவற்றை மட்டும் நாமாக வந்து எழுதுகிறோம், மற்றதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கொரோனா காலத்தில் பிளாஸ்மாவுக்கு, அதாவது நோயிலிருந்து குணமானவரின் இரத்தத்திலிருந்து பிரித்து நோயாளிக்கு ஏற்றிய திரவத்துக்கு, என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2020-இலும் 2021 இரண்டாம் அலையிலும் ட்விட்டர் முழுக்க "பிளாஸ்மா தேவை" என்ற பதிவுகள், டாக்டர் குரூப்களில் "ரெண்டு யூனிட் கொடுத்தோம், ஆக்ஸிஜன் ஏறிடுச்சு" என்ற செய்திகள். கொடுத்தும் இறந்தவர்களைப் பற்றி யாரும் பதிவு போடவில்லை. கொடுத்தவர், கொடுக்காதவர் இரு தரப்பையும் எண்ணிப் பார்த்த இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வு இறப்பைக் குறைப்பதில் பிளாஸ்மாவால் பயனில்லை என்று 2021 தொடக்கத்தில் சொன்னது. அந்த மே மாதம் இந்திய வழிகாட்டுதலிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குள் எத்தனை குடும்பங்கள் டோனர் தேடி ராத்திரி பகலாக அலைந்தன! அத்தனை பேரும் நல்ல எண்ணத்தோடுதான் பகிர்ந்தார்கள் என்பதால்தான் இது எனக்கு இன்னும் வலிக்கிறது.

முடிவுவரை தொடர்ந்தால் தூரத்திலிருந்தும் எவ்வளவு தூரம் கற்க முடியும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவர் 2003-இல் ப்ராஜெக்ட் எக்கோ என்று ஒன்றைத் தொடங்கினார். அங்கே ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் நோய் வந்தவர்கள் அவருடைய கிளினிக்குக்கு மணிக்கணக்கில் பயணம் செய்து வரவேண்டியிருந்தது. அவர் வாராவாரம் வீடியோவில் கிராமத்து டாக்டர்களோடு உட்கார்ந்தார். அவர்கள் தங்கள் நோயாளியைப் பற்றிச் சொல்வார்கள், எல்லோரும் பேசுவார்கள், அடுத்த வாரமும் அதே நோயாளியைப் பற்றிப் பேசுவார்கள். 2011-இல் முடிவுகளை வெளியிட்டபோது பல்கலைக்கழக கிளினிக்கில் 57.5 சதவீதம் பேரும், இந்தக் கிராமத்து, சிறை மருத்துவமனைகளில் 58.2 சதவீதம் பேரும் குணமாகியிருந்தார்கள். இத்தனைக்கும் அவர்களிடம் இருந்தது வெறும் வீடியோ இணைப்பு. நம் எல்லோர் கையிலும் அதைவிட நல்ல போன் இருக்கிறது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். கேஸ் போடும்போது போட்டோவை மட்டும் தட்டிவிட்டு "ஒப்பீனியன் ப்ளீஸ்" என்று எழுதாதீர்கள். வயது, கடித்த நேரம், வந்த நேரம், இப்போது என்ன அறிகுறி, இரத்தம் உறைகிறதா, இதுவரை என்ன கொடுத்தீர்கள், அப்புறம் உங்கள் கேள்வி ஒன்றே ஒன்று. முடிந்தால் உங்கள் விடையையும் சேர்த்தே எழுதுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. முதலில் தானாக யோசித்து ஒரு விடையைச் சொல்லிவிட்டுப் பிறகு சரியானதைத் தெரிந்துகொள்பவருக்குத்தான் அது மனதில் தங்குகிறது. ஈசிஜி குரூப்பில் பார்த்த படத்துக்கெல்லாம் கீழே இறங்கி மற்றவர் விடையைப் படித்துவிட்டு "ஆமாம்" என்று தலையாட்டுகிறவருக்கு அதே ஈசிஜி வார்டில் வரும்போது ஞாபகம் வராது. பதில் சொல்கிற சீனியர்களிடமும் ஒரு வேண்டுகோள்: மருந்தின் பெயரை மட்டும் எழுதாமல் ஏன் என்று ஒரு வரியும், எந்த வழிகாட்டுதலில் இருக்கிறது என்றும் எழுதுங்கள். ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) இருக்கும் குரூப்பில் கேள்வி கேட்கப் பயந்து எத்தனை ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி மருத்துவர்கள்) வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு தடவை "இது கூடத் தெரியாதா" என்று எழுதினால் அந்தக் குரூப்பில் ஆறு மாதத்துக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

வீடியோ பார்த்துச் செய்முறை கற்பதில் கவனம் தேவை. விஷத்தால் இரத்தம் உறையாமல் போகிறதா என்று பார்க்கும் இருபது நிமிட இரத்த உறைவுச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்புப் போட்டுக் கழுவியதாக இருந்தாலோ நன்றாக உறையும் இரத்தம்கூட உறையாததுபோல் காட்டும், நோயாளிக்குத் தேவையில்லாமல் ஏ.எஸ்.வி. ஏறும். முப்பது விநாடி ரீல்ஸில் "குழாயில் எடுங்கள், சாய்த்துப் பாருங்கள்" என்பது மட்டும்தான் வருகிறது. குழாயின் கதை வருவதில்லை. இன்னொன்று, இந்தச் சோதனையைப் பெரும்பாலும் செய்வது ஸ்டாஃப் நர்ஸ், ஆனால் நம் பாம்புக்கடி குரூப்களில் நர்ஸ்கள் கிடையாது. இது எனக்குப் புரியவே இல்லை. முதல் மூன்று மணி நேரம் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர்தானே?

ஊர் எல்லை தாண்டிய தொடர்பு இருந்தால் இன்னும் நல்லது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், எவ்வளவு ஏ.எஸ்.வி. கொடுத்தும் இரத்தம் உறையாத கேஸ்கள் வரும். ஹம்ப்-நோஸ்டு பிட் வைப்பர் என்ற சின்ன விரியன் இப்படிச் செய்யும் என்பதைக் கேரள மருத்துவர்கள் 2007-இல் ஆவணப்படுத்தினார்கள், இலங்கை மருத்துவர்களுக்கு அது முன்பே பழக்கம். நம் ஏ.எஸ்.வி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே. இந்த விரியனுக்கு வேலை செய்யாது. பாலக்காட்டிலோ கண்டியிலோ வேலை செய்யும் ஒருவர் உங்கள் குரூப்பில் இருந்தால் சிறுநீரகத்தைக் கவனியுங்கள் என்று அவர் முதல் நாளே சொல்லிவிடுவார்.

நோயாளியின் போட்டோ விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். முகம், பச்சை குத்திய கை, கேஸ் ஷீட்டில் இருக்கும் பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண் எதுவும் தெரியக் கூடாது. 2002-இன் மருத்துவ ஒழுக்க விதிகளே அடையாளம் தெரியும்படி அனுமதியில்லாமல் மருத்துவ இதழில்கூட வெளியிடக் கூடாது என்கின்றன, 250 பேர் இருக்கும் குரூப் மட்டும் எப்படி விதிவிலக்கு ஆகும்? நோயாளியிடமோ உறவினரிடமோ கேட்டுவிட்டு எடுங்கள், கேட்டதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் தானாக கேலரியில் போய் உட்காராதபடி செட்டிங்கை இன்றைக்கே மாற்றுங்கள். உங்கள் பிள்ளை கேம் விளையாட வாங்கும் போனில் யாரோ ஒருவருடைய அழுகிய கால் இருக்கக் கூடாது.

நாம் படித்தது நோயாளி வீட்டாருக்கும் போக வேண்டும், ஏனென்றால் அவர்களும் இதே போனில்தான் படிக்கிறார்கள். கடித்த இடத்தைக் கீறி உறிஞ்சும் வீடியோ, இறுக்கிக் கட்டும் வீடியோ, நாஜா 200 என்ற ஹோமியோபதி மருந்தை வீட்டில் வைத்திருந்தால் போதும் என்ற பழைய ஃபார்வர்டு எல்லாம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவர்களைத் திட்டாதீர்கள். கட்டாமல், கீறாமல், கையைக் காலை அசைக்காமல் ஏ.எஸ்.வி. இருக்கும் மருத்துவமனைக்கு வாருங்கள் என்று ஒரு நிமிட ஆடியோவை உங்கள் ஊர்ப் பேச்சில் பேசி அனுப்புங்கள், ஊர் குரூப்களில் அதுவும் வேகமாகப் போகும்.

கடைசியாக ஒன்று. நம் ஹவுஸ் சர்ஜன்கள் ஆண்டுக்கு ஒரு தடவை மாறிவிடுவார்கள், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் பி.ஜி. மேற்படிப்பு கிடைத்துப் போய்விடுவார். வாட்ஸ்அப் குரூப்பில் புதிதாகச் சேர்பவருக்குப் பழைய பேச்சு முழுதாகக் கிடைக்காது. அதனால் மாதம் ஒரு தடவை யாராவது ஒருவர் உட்கார்ந்து, அந்த மாதக் கேஸ்களை அரைப் பக்கமாக எழுதி வையுங்கள்: என்ன வந்தது, என்ன செய்தோம், நோயாளி என்ன ஆனார். இறந்தவர்களையும் விடாமல் எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், ஆகவே விவரங்களை எப்படியும் எடுக்கத்தான் போகிறோம். அந்தக் காகிதத்தை அச்செடுத்து கேஷுவாலிட்டியில் ஏ.எஸ்.வி. வைத்திருக்கும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டால், குரூப்பில் இல்லாத நர்ஸும் புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜனும் படிப்பார்கள்.